ரசத்தை ஒதுக்கினாள், இட்லியைச் சாப்பிட்டாள்

கேள்வி: மயிலாப்பூரில் இருக்கிறேன். சைவக் குடும்பம். எங்கள் மாடி போர்ஷனில் இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு பெண் குடியிருக்கிறாள். அடையாறில் பரதநாட்டியம் கற்கிறாள். அவளுடைய பாட்டி கொச்சியில் பிறந்து 1950-களில் இஸ்ரேலுக்குப் போனவராம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டை ஆசையாகச் சாப்பிடுவாள். ஆனால் அவர்களுடைய பஸ்கா பண்டிகை வாரத்தில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வாங்கிக்கொண்டவள், ரசத்தையும் சாம்பாரையும் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமை காலையில் காபி கலந்து கொடுத்தாலும் தயங்குகிறாள். யூத உணவு என்றால் என்னதான்? இணையத்தில் தேடினால் பேகல், ஹம்மஸ் என்று வருகிறது. இவளோ பாட்டி வீட்டுத் தேங்காய்ப்பால், நெய்யப்பம் என்கிறாள். லாயிட்ஸ் சாலையில் யூதர் கல்லறை இருப்பதாகச் சொல்கிறார்கள். சென்னையில் யூதர்கள் வாழ்ந்தார்களா? அவர்கள் சாப்பாட்டில் ஏதாவது இங்கே மிஞ்சியிருக்கிறதா? அவர்களுடைய புத்தாண்டுக்கு ஏதாவது செய்து கொடுக்க ஆசை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அந்தப் பெண் ரசத்தை ஒதுக்கியதற்குக் காரணம் பெருங்காயமாகத்தான் இருக்கும். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். கடையில் விற்கும் பெருங்காயத்தில், தூளானாலும் கட்டியானாலும், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சுத்தமான பெருங்காயப் பிசின் காரமும் நெடியும் மிகுந்தது; மாவு சேர்த்தால்தான் அளந்து போட முடியும். பஸ்கா வாரத்தில் யூதர்கள் தொடக்கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இந்த மாவுதான்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் இரவோடு இரவாகக் கிளம்பியபோது, பிசைந்த மாவு புளித்துப் பொங்கும்வரை காத்திருக்க நேரமில்லை என்பது வேதத்தின் கதை. புளிக்காத மாவைத் தட்டிச் சுட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நினைவுக்காக இஸ்ரேலில் 7 நாளும் வெளிநாடுகளில் 8 நாளும் புளித்த தானியம் வீட்டிலேயே இருக்கக்கூடாது. கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் எனும் பழைய கோதுமை வகை ஆகிய ஐந்துக்கு மட்டுமே இந்தத் தடை. இவற்றின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு முடித்துவிட்டால் அது மட்சா என்ற பண்டிகை ரொட்டி. அதற்குமேல் ஊறினால் விலக்கு. ரவை, சேமியா, மைதா பிஸ்கட், உங்கள் பெருங்காயம் எல்லாமே இதில் அடங்கிவிடும்.

இட்லி எப்படித் தப்பியது என்று கேட்பீர்கள். இரவெல்லாம் புளித்த மாவுதான். ஆனால் அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் இல்லை. ஐரோப்பிய யூதர்கள் மட்டும் ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டிலிருந்து அரிசியையும் பருப்பு வகைகளையும்கூட பஸ்காவில் விலக்கி வருகிறார்கள். கோதுமையோடு கலந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. ஸ்பெயின், பாக்தாத், கொச்சி வழி வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. இணையத்தில் நீங்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க யூதர்கள் எழுதியது. உங்கள் மாடியில் இருப்பவள் கொச்சிப் பாட்டியின் பேத்தி. அவளுக்கு அரிசி இல்லாத பண்டிகையே கிடையாது.

கொச்சி யூதர் வீடுகளில் பஸ்காவுக்கு முன்னேற்பாடு என்பது பெரிய காரியமாக இருந்தது. மாதக்கணக்கில் நடக்கும். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். பண்டிகைக்கென்றே தனியாக வைத்திருக்கும் பாத்திரங்கள் இறங்கும். அந்த ஒரு வாரத்துக்கான அரிசியைப் பெண்கள் மணி மணியாகப் பொறுக்கி, கோதுமைத் துணுக்கு ஒன்றுகூட இல்லையென்று உறுதி செய்து தனியே கட்டி வைப்பார்கள். நாதன் காட்ஸ், எலன் கோல்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் கொச்சியில் தங்கி இதைப் பார்த்து எழுதினார்கள். சுற்றியிருந்த நம்பூதிரி, நாயர் வீடுகளின் ஆசாரம் இந்தத் தீவிரத்துக்கு உரம் போட்டது என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. உங்கள் வீட்டில் திவசத்துக்குச் சமைக்கும்போது பெருங்காயத்தைத் தள்ளிவைத்து, மிளகாய்க்குப் பதில் மிளகு போட்டு, வெளிச்சாமான் எதையும் சேர்க்காமல் செய்கிறீர்களே, அந்தக் கவனத்தோடு ஒரு வாரம் முழுக்கச் சமைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பஸ்காவுக்குப் பெருங்காயம் இல்லாத மிளகு ரசம் வைத்துக் கொடுங்கள்.

யூத உணவு என்றால் என்ன என்ற உங்கள் கேள்விக்கு இந்த ரசமே பாதி பதில். அது ஒரு சமையற்கட்டு முறையும் ஒரு பஞ்சாங்கமும். எதைத் தின்னலாம், எதை எதோடு சேர்க்கக்கூடாது, எந்த நாளில் எப்படி என்ற விதிகள் மட்டுமே எங்கும் பொது. பாத்திரத்தில் விழும் பொருள் அந்தந்த ஊருடையது. போலந்து யூதர் உருளைக்கிழங்கையும் நன்னீர்க் கெண்டையையும் சமைத்தார். கொச்சி யூதர் தேங்காயையும் சின்ன வெங்காயத்தையும் சமைத்தார். இருவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள்.

விதிகளில் பெரியது இறைச்சியையும் பாலையும் சேர்க்காதது. குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்ற கட்டளை வேதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, இறைச்சி உண்டபின் பால் குடிக்கச் சில மணி நேர இடைவெளி என்பதெல்லாம். மயிலாப்பூர் வாசகிக்கு இது விளங்காத சமாச்சாரமில்லை. சாதம் தொட்ட கையால் மோர்ப் பானையைத் தொடக்கூடாது, பத்துப் பாத்திரம் வேறு, மடிப் பாத்திரம் வேறு என்று பார்த்த பாட்டிகள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். காரணங்கள் வேறு, ஆனால் சமையலறையில் நிற்கும் பெண் ஒவ்வொரு கரண்டியையும் எடுக்கும்போது யோசிக்க வேண்டியிருப்பது இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் வீட்டில் இறைச்சியே நுழைவதில்லை என்பதால்தான் அந்தப் பெண் இவ்வளவு நிம்மதியாக உங்கள் தயிர்சாதத்தைச் சாப்பிடுகிறாள்.

பாட்டி வீட்டுத் தேங்காய்ப்பால் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. பாரசீக, மொகலாயச் சமையலில் கோழிக்குத் தயிர் ஊற்றுவார்கள், பால் ஊற்றுவார்கள், நெய்யில் வதக்குவார்கள். யூதருக்கு அந்த வழி அடைப்பு. கேரளக் கரையில் அந்தக் கவலை தீர்ந்தது. பாலைப்போல வெளுத்து, பாலைப்போலக் குழம்பைக் கெட்டிப்படுத்தும் ஒன்று மரத்திலேயே காய்த்தது. கோழிக் குழம்பில் தேங்காய்ப்பால், கடைசியில் சாப்பிடும் பாயசத்திலும் தேங்காய்ப்பால், பொரிப்பதற்குத் தேங்காயெண்ணெய். விதியை ஒரு நூல்கூட மீறாமல் முழுச் சுவையோடு சமைக்க முடிந்தது. உலகத்தில் யூதர்கள் குடியேறிய இடங்களில் கேரளத்தைப்போல இந்த விதிக்கு இவ்வளவு இசைந்து கொடுத்த மண் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

மீனிலும் விதி உண்டு. துடுப்பும் செதிலும் இரண்டும் இருக்க வேண்டும். நொச்சிக்குப்பத்து மீன் வரிசையில் இந்தப் பெண்ணோடு நடந்தால் வஞ்சிரம், சங்கரா, வவ்வால் பக்கம் நிற்பாள். இறால், நண்டு, கணவாய், சுறா, திருக்கை, கெளுத்தி எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுவாள். ஆடு மாடு கோழிகளை முறைப்படி அறுக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். மீனுக்கு அது வேண்டாம். சிறிய சமூகங்களில், அறுப்பவர் இல்லாத காலங்களில், மீன்தான் பண்டிகையைக் காப்பாற்றியது. சின்ன வெங்காயத்தை அரைத்துப் பூசிப் பொரிக்கும் கொச்சியின் சுட்டுள்ளி மீன் அப்படி ஒரு சமையல். பாட்டியைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

கொச்சி யூதர்கள் இந்தியாவின் மிகப் பழைய யூதச் சமூகங்களில் ஒன்று. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகளோடு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு இன்றும் கொச்சியின் மட்டாஞ்சேரியில் காக்கப்படுகிறது. பிறகு ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள் 1568-இல் அங்கே பரதேசி ஜெபாலயத்தைக் கட்டினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு பண்டத்தையும் கொண்டுவந்தார்கள். கோழியும் முட்டையும் வெங்காயமும் அடைத்துப் பொரிக்கும் பஸ்தேல் ஐபீரியக் கரையிலிருந்து வந்தது. இறைச்சி அடைத்த உருண்டைகளைக் குழம்பில் வேகவிடும் குப்பா பாக்தாத்திலிருந்து வந்தது. ஹனுக்கா எனும் எண்ணெய் விளக்குப் பண்டிகைக்கு உலகமெங்கும் எண்ணெயில் பொரித்த பண்டம் செய்வார்கள். கொச்சியில் அது நெய்யப்பம். இப்படிக் கலந்தவர்கள் தங்களுக்குள் சமமாக உட்காரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பரதேசி ஜெபாலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு நெடுங்காலம் உள்ளே இருக்கை மறுக்கப்பட்டது. ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர் சத்தியாக்கிரகம் செய்துதான் அதை உடைத்தார். 1950-களின் நடுவில் பெரும்பாலானோர் இஸ்ரேல் சென்றார்கள்; நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற குடியிருப்பு 1954-இல் அவர்களால் உயிர்பெற்றது.

சனிக்கிழமைக் காபிக்கு வருகிறேன். வெள்ளி சூரிய அஸ்தமனத்திலிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை சபாத் ஓய்வுநாள். அன்று செய்யக்கூடாத 39 வகை வேலைகளை யூத மதகுருக்களான ரப்பிகள் பட்டியலிட்டார்கள். நெருப்பு மூட்டுவதும் சமைப்பதும் அதில் உண்டு. ஒரு யூதருக்காகவே அன்று வேறொருவர் புதிதாக அடுப்பேற்றிச் சமைத்ததையும் கட்டுப்பாடானவர்கள் ஏற்க மாட்டார்கள். உங்கள் காபியில் தயக்கம் அதனால்தான். வெள்ளிக்கிழமை மாலையே வெந்நீரை ஃப்ளாஸ்கில் ஊற்றி அவள் அறையில் வைத்துவிட்டால் போதும்.

ஆனால் ஓய்வுநாளில் ஆறிய சோறு தின்ன வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஓய்வுநாள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். சூடான உணவு வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் யூத உலகின் மிகப் பரவலான சமையல். வெள்ளி மாலை விளக்கேற்றுமுன் ஒரு பெரிய பாத்திரத்தில் தானியம், பருப்பு, இறைச்சி எல்லாவற்றையும் போட்டு மூடி, தணலின்மேல் வைத்துவிட்டு, மறுநாள் மதியம் திறப்பது. பாக்தாத்தில் த்பீத், கொச்சியில் ஹமீன், ஸ்பெயினில் அடஃபினா, கிழக்கு ஐரோப்பாவில் சோலண்ட் என்று பெயர்கள் பல. கொல்கத்தாவின் பாக்தாதி யூதர்கள் கோழிக்குள் மசாலா அரிசியை அடைத்து, மேலும் கீழும் அரிசி பரப்பி, இரவெல்லாம் தணலில் விடுவார்கள். அடியில் பிடித்த மொறுமொறு சோற்றுக்குக் குழந்தைகள் சண்டை போடும்.

இந்த ஒரே பானைக்காக உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. சென்னைக்கு யூதர்கள் வந்த வரலாறும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1492-இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது; 1497-இல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்தது. மதம் மாறியவர்கள் உண்மையிலேயே மாறினார்களா என்று கண்டுபிடிக்க கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணை மன்றம் சமையலறையை மோப்பம் பிடித்தது. பன்றிக்கறி தின்னாதவர், செதில் இல்லாத மீனை ஒதுக்குபவர், வெள்ளியன்றே சனிக்கிழமைக்கும் சேர்த்துச் சமைப்பவர், சனியன்று புகைபோக்கியில் புகை வராத வீட்டுக்காரர் ஆகியோர் மீது அண்டை வீட்டார் புகார் செய்ய வேண்டும் என்று மாதா கோயில் வாசலில் அறிவித்தார்கள். வேலைக்காரியின் வாக்குமூலத்தில் ஒரு குழம்பின் பக்குவம் சாட்சியாக ஏறியது. மாட்ரிட்டின் புகழ்பெற்ற கொசீடோ குழம்பு பழைய அடஃபினாவில் பன்றிக்கறி சேர்த்து வந்ததுதான் என்று உணவு வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வார்கள். பன்றி சேர்ந்தால் சந்தேகம் தீரும்.

அந்த மன்றம் 1560-இல் கோவாவுக்கும் வந்தது. கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, நம் நாட்டு மூலிகைகளையும் வாசனைப் பொருள்களையும் பற்றி 1563-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். மிளகு, ஏலம், மாம்பழம், நம் பெருங்காயம் எல்லாம் அதில் உண்டு. யூதக் குடும்பத்தில் பிறந்து மதம் மாற்றப்பட்டவர். அவர் இறந்த மறுவருடம், 1569-இல், இரகசியமாக யூத ஆசாரத்தைக் கடைப்பிடித்த குற்றத்துக்காக அவருடைய சகோதரி கத்தரீனாவை உயிரோடு எரித்தார்கள். 1580-இல் கார்சியாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

உங்கள் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் அப்போது போர்த்துகீசியர் ஊர். அவர்கள் ஆட்சியில் யூதனாக வெளிப்படையாக வாழ வழியில்லை. அடுத்த நூற்றாண்டில், சில மைல் வடக்கே புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் வந்து அமர்ந்தார்கள். அவர்களுக்கு வியாபாரம் முக்கியம். 1680-களில் லண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் போர்த்துகீசிய வழி யூத வணிகர்கள் சென்னைக்கு வந்தார்கள். மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டாவின் வைரத்தை வாங்கி அனுப்புவது அவர்கள் தொழில். ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கும் பவளக்காரத் தெருவுக்கு அந்தப் பெயர் இந்த வியாபாரத்தால் வந்தது. அவர்களில் முன்னோடியான ஜாக் த பாய்வா 1687-இல் சென்னையில் இறந்தார். அடுத்த ஆண்டு சென்னை மாநகராட்சி அமைக்கப்பட்டபோது ஆல்டர்மேன் என்ற நகரசபை உறுப்பினர்களில் யூத வணிகர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கத் தொடங்கி கோல்கொண்டா வியாபாரம் தளர்ந்தது; சமூகமும் மெல்லக் கரைந்தது. தங்கசாலைப் பக்கம் இருந்த அவர்கள் கல்லறைகள் பின்னாளில் இடம் மாற்றப்பட்டு, கடைசியில் நீங்கள் கேள்விப்பட்ட லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன. ஹீப்ரு எழுத்துப் பொறித்த சில கற்கள்தான் மிச்சம். சமையல் மிஞ்சவில்லை. வணிகர்கள் தனியாகவோ சிறு குடும்பமாகவோ வந்து, பணம் சேர்த்துக்கொண்டு திரும்பினார்கள். நூற்றாண்டுக்கணக்கில் ஒரே தெருவில் குடியிருந்து, மருமகளுக்கு மாமியார் சொல்லிக் கொடுத்தால்தான் ஒரு சமையல் ஊரில் ஊன்றும். அது கொச்சியில் நடந்தது, கொங்கணத்தில் நடந்தது. சென்னையில் நடக்கவில்லை.

பேகலையும் ஹம்மஸையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேகல் போலந்து யூதருடையது. 1610-இல் கிராக்கோ நகர யூதர் சபையின் விதியொன்றில், பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்கும் பண்டமாக வருகிறது. அங்கிருந்து நியூயார்க் போய் உலகப் பண்டமானது. ஹம்மஸும் ஃபலாஃபலும் அரபு மக்களின் உணவு. அரபு நாடுகளில் வாழ்ந்த யூதர்களும் அவற்றை உண்டார்கள், இன்று இஸ்ரேலிலும் உண்கிறார்கள். தி.நகரிலோ அடையாறிலோ ஓர் உணவகத்தில் ஹம்மஸ் சாப்பிட்டுவிட்டு யூத உணவு சாப்பிட்டேன் என்று சொல்வது சரியாகாது.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் யூத உணவு நம் நாட்டிலேயே, மும்பைக்குத் தெற்கே கொங்கணக் கரையில் இருக்கிறது. பெனே இஸ்ரேல் என்ற சமூகம் அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்கிறது. நவ்காவ் கடற்கரையில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ஊரார் அவர்களை ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தார்கள். ஹீப்ரு மறந்தது, நூல்கள் இல்லை, வெளியுலக யூதர்களோடு தொடர்பு இல்லை. ஆனாலும் சமையலறை மறக்கவில்லை. பண்டிகைகளின் ஹீப்ருப் பெயர் போனபின், சமைத்த பண்டத்தின் பெயரையும் சமையலறைக் காரியத்தின் பெயரையும் வைத்தே மராத்தியில் அழைத்தார்கள். ஒன்று பாயசப் பண்டிகை. இன்னொன்று மொச்சைக் குழம்பின் பெயரில் ஒரு விரதம். பஸ்காவுக்கு, புளிக்காடி ஜாடியை மூடும் பண்டிகை என்று பெயர். பண்டிகை எதற்கென்ற கதை மங்கிய பிறகும், அந்த வாரம் புளித்தது கூடாது என்பதைப் பெண்கள் மறக்காமல் ஜாடியை மூடிவைத்தார்கள். ஒரு மதம் நூல் இல்லாமல், குரு இல்லாமல், சமைப்பவர்களின் கையால் மட்டுமே பிழைத்த கதை இது. யூத உணவு பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் நெகிழவைத்ததும் இதுதான்.

அவர்களுடைய தனிச்சிறப்பு மலிதா. அவலைக் கழுவி ஊறவைத்து, துருவிய தேங்காய், வெல்லம் அல்லது சர்க்கரை, ஏலக்காய், முந்திரி பாதாம் கலந்து ஒரு தாம்பாளத்தில் குவித்து, சுற்றிலும் பேரீச்சையும் வாழைப்பழமும் மற்றப் பழங்களும் அடுக்குவார்கள். எலியா தீர்க்கதரிசியின் பேரில் பாட்டுப் பாடி, மரத்துப் பழத்துக்கு ஓர் ஆசி, மண்ணில் விளைந்ததற்கு ஓர் ஆசி என்று முறையாகச் சொல்லிப் பகிர்ந்து உண்பார்கள். புதுமனை புகுதல், கல்யாணத்துக்கு முன் மருதாணி, பயணம், நோய் தீர்ந்த நேர்ச்சை எதற்கும் மலிதா உண்டு. அலிபாகை ஒட்டிய கண்டாலா கிராமத்தில் ஒரு பாறை இருக்கிறது. எலியாவின் தேர் விண்ணேறியபோது பதிந்த சுவடு அது என்று நம்பி நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். உலகில் வேறெந்த யூதருக்கும் இந்தச் சடங்கு கிடையாது. கோகுலாஷ்டமிக்கு வெல்ல அவல் கலக்கும் கைக்கு மலிதா செய்ய யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு அதே சமூகம் ஓர் அல்வா செய்கிறது. உங்கள் ஆசைக்கு நான் சொல்லும் வழி இதுதான். ஐரோப்பிய யூதர் ஆப்பிளைத் தேனில் தோய்த்துத் தின்பார்கள், வருடம் இனிக்க வேண்டுமென்று. பெனே இஸ்ரேல் வீடுகளில் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அடியில் தங்கும் மாவோடு தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, மணிக்கணக்கில் கிளறுவார்கள். பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது ஏலக்காய் தூவித் தட்டில் ஊற்றி, ஆறியதும் வில்லை போடுவார்கள். பெரிய பாத்திரத்தில் செய்து அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்புவது வழக்கம். திருநெல்வேலி அல்வாவின் கோதுமைப்பால் வேலைதான். நெய் மட்டும் இல்லை. நெய் பாலிலிருந்து வந்தது, பண்டிகை விருந்தில் இறைச்சி இருக்கும் என்பதால் அந்த இடத்தைத் தேங்காய்ப்பால் எடுத்துக்கொண்டது. நெய் ஊற்றாமல் அல்வாவா என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். தேங்காய்ப்பால் சுண்டி எண்ணெய் பிரியும்போது வரும் வாசனை போதும். கட்டியான முதல் பால் தாராளமாக வேண்டும், அதற்கு நன்றாக முற்றிய காய்களாக வாங்குங்கள். பஸ்கா இல்லையென்பதால் கோதுமைக்கு அப்போது தடையில்லை.

ரோஷ் ஹஷானா செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். தேதி ஆண்டுதோறும் மாறும். பண்டிகை முந்தின நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்கிவிடுவதால் அன்று மதியத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கிளறுவதற்குமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: பாத்திரத்தில் அவளுக்குக் கட்டுப்பாடு உண்டா என்று. மிகக் கண்டிப்பானவர்கள் தங்கள் பாத்திரத்தில் தாங்களே சமைத்தால்தான் உண்பார்கள்; அவள் உங்கள் வீட்டில் சாப்பிடுவதைப் பார்த்தால் அந்த அளவுக்கு இல்லையென்று தெரிகிறது. இருந்தாலும் கேட்பது மரியாதை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். யூத வீடுகளில் சாப்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்பது பழக்கமான காரியம். பஸ்கா இரவு விருந்தில் முன்னோர் கதையைச் சொல்வதே, வீட்டின் கடைசிப் பிள்ளை, இன்றைக்கு மட்டும் ஏன் இப்படிச் சாப்பிடுகிறோம் என்று கேட்பதில்தான் தொடங்குகிறது. முடிந்தால் அவளையும் அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து கிளறுங்கள். அல்வா கிளற இரண்டு பேர் வேண்டும்.